பேராயர் ஜான் கரோலின் கடிதங்களும் மடங்களும்: உத்தரவா, கெஞ்சலா?

கேள்வி – பிப்ரவரி 3
பழைய பேராயர்களின் கடிதக் காப்பகங்களைப் பற்றி இங்கே அடிக்கடி பேச்சு வருகிறது. எனக்கு ஒன்று புரியவில்லை. மேற்றிராணியார் (ஆயர்) சொன்னால் மடம் கேட்டே ஆக வேண்டும். "இதைச் செய்யுங்கள்" என்று இவர் எழுதுவார், "செய்துவிட்டோம் ஆண்டகையே" என்று மதர் (மடத்துத் தலைவி) எழுதுவார். இதைத் தோண்டி எடுத்துப் படிக்க என்ன இருக்கிறது? வேறு மாதிரி ஒரு உதாரணம் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன் ஐயா.

பிப்ரவரி 3, இரவு
காட்டுகிறேன் தம்பி. அமெரிக்காவின் மேரிலாந்தில் பால்டிமோர் நகரம், ஜான் கரோல். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் கத்தோலிக்க ஆயர் (1789), 1808 முதல் பேராயர், 1815 டிசம்பரில் காலமானார். அவருடைய காகிதங்கள் பால்டிமோர் செயின்ட் மேரீஸ் குருமடத்துக் (குருக்களைப் பயிற்றுவிக்கும் இடம்) காப்பகத்தில் இருக்கின்றன. அவர் எழுதியவை 1976இல் மூன்று தடித்த தொகுதிகளாக அச்சிலும் வந்துவிட்டன. நான் படித்தது அச்சைத்தான், மூலத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

1790இல் நான்கு கார்மேல் கன்னியர் கப்பலேறி மேரிலாந்துக்கு வந்தார்கள். இன்றைய பெல்ஜியத்திலிருந்து. மூவர் மேரிலாந்துக்காரிகளேதான்: பெர்னார்தினா மேத்யூஸ், கூடவே அண்ணன் மகள்கள் இருவர். நாலாவது கிளேர் ஜோசப் டிக்கன்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி. ஆங்கிலச் சட்டத்தின் கீழ் சொந்த மண்ணில் மடம் வைக்க முடியாதென்றுதான் இவர்கள் கடல் கடந்து போயிருந்தார்கள். சுதந்திரம் வந்தபின் திரும்பி வந்து போர்ட் டொபாக்கோ என்ற ஊரில் மடம் தொடங்கினார்கள். விடுதலை பெற்ற பதின்மூன்று மாநிலங்களில் அதுதான் முதல் கன்னியர் மடம்.

கரோலுக்கு மகிழ்ச்சி, கூடவே ஓர் ஆசை. நாட்டில் கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, இவர்கள் நடத்தினால் என்ன? ரோமுக்கு எழுதினார். கர்தினால் அந்தோனெல்லி நல்ல யோசனை என்று பதில் போட்டார். வெளியே வராத, ஜெபமே வேலையான மடம்தான், ஆனாலும் இங்குள்ள நிலைமைக்காகக் கற்பிக்கலாம் என்று வழி திறந்துவிட்டார். 1793இல் கரோல் அதை மதர் பெர்னார்தினாவுக்குத் தெரிவித்தார்.

பள்ளிக்கூடம் வரவில்லை. மறுப்புக் கடிதம், சண்டை, எதுவும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். 1831இல் வறுமை தாங்காமல் பால்டிமோர் நகருக்கு இடம்பெயர்ந்த பிறகுதான் பள்ளி வைத்தார்கள். கரோல் இறந்து 16 வருடம் ஆகியிருந்தது.

பிப்ரவரி 4
"ரோமே அனுமதித்த பிறகு ஒரே வரியில் உத்தரவு போட்டிருக்கலாமே" என்கிறீர்கள். ரோம் கொடுத்தது அனுமதி. கட்டளை இல்லை. கார்மேல் சபைக்குச் சொந்தச் சட்டநூல் இருக்கிறது, அதன்படி வார்த்தைப்பாடு (துறவுச் சபதம்) கொடுத்து வந்தவர்களிடம் புது வேலையைத் திணிக்க ஆயருக்கும் தயக்கம் வரும்.

இன்னொன்று குடும்ப விவகாரம். மடத்துக்கு ஆன்ம குரு சார்லஸ் நீல். அவர்தான் ஐரோப்பாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர். அவர் அண்ணன் லியோனார்டு நீல், பிற்பாடு கரோலுக்கே துணை ஆயர். இன்னொரு சகோதரர் பிரான்சிஸ் நீல் ஜார்ஜ்டவுனில். மடத்தோடு மோதினால் நீல் வீட்டோடு மோத வேண்டும். மேரிலாந்துக் கத்தோலிக்கர் என்றால் சுற்றிச் சுற்றி மாமன் மச்சான்தான்.

பிப்ரவரி 4, இன்னும் கொஞ்சம்
எனக்கு இதில் ஏன் அக்கறை என்று கேட்டவருக்கு. நான் ஒரு மறைமாவட்ட அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதிக் காலம் தள்ளியவன். எந்த ஊர் என்பது வேண்டாம். பங்குகளுக்குப் போகும் கடிதம் ஆண்டகை ஒரு தடவை சொன்னால் தட்டச்சாகிவிடும். மடங்களுக்குப் போகும் கடிதம் இரண்டு மூன்று முறை திரும்பி வரும். "இந்த வரியை எடுத்துவிடு, சபையின் மாநிலத் தலைவி படித்தால் முகம் சுளிப்பார்." மடத்துப் பள்ளிக்கூடம், மடத்து ஆஸ்பத்திரி, மடத்து நிலம், இவற்றின் பத்திரம் எதுவும் எங்கள் அலமாரியில் கிடையாது. பத்திரம் யார் அலமாரியில் இருக்கிறதோ அவர்களிடம் பேசும் தொனியே வேறு. கரோலைப் படித்தபோது அதே வாடை அடித்தது.

பிப்ரவரி 6
சுல்பீசியன் குருக்கள் (குருமடம் நடத்துவதே வேலையான பிரெஞ்சுச் சபை) கதையைச் சொன்னால் "கெஞ்சல்" என்று தலைப்பில் போட்டது ஏன் என்று விளங்கும்.

பிரெஞ்சுப் புரட்சி சூடுபிடித்த நேரம். பாரிஸில் சுல்பீசியன் சபைத் தலைவர் எமெரி தன் ஆட்களுக்குப் பத்திரமான இடம் தேடினார். கரோலுக்கோ குருமடம் இல்லை, பேராசிரியர் இல்லை, காசும் இல்லை. பேசி முடித்தார்கள். 1791 ஜூலை 10 அன்று நாகோ தலைமையில் முதல் குழு பால்டிமோர் வந்து இறங்கியது. (அதே கப்பலில் ஷாத்தோபிரியாண்ட் என்ற இளைஞரும் வந்தார், பிற்பாடு பிரெஞ்சு இலக்கியத்தில் பெரிய பெயர். குருக்களோடு அத்தனை வாரம் கடலில்! யார் யாரைப் பொறுத்துக்கொண்டார்களோ.) ஊருக்கு வெளியே ஒரு சத்திரத்தை வாங்கிக் குருமடமாக்கினார்கள்.

குருமடம் இருந்தது, மாணவர்கள் இல்லை. வருடங்கள் ஓடின. பிரான்சில் நெப்போலியன் வந்து நிலைமை கொஞ்சம் தணிந்ததும் எமெரிக்குக் கணக்கு உதைத்தது: அங்கே ஆளில்லாத குருமடத்தில் என் பேராசிரியர்கள் எதற்கு? இங்கே தேவை இருக்கிறது, திரும்பி வரட்டும். 1803இல் சிலரைக் கூப்பிட்டும் விட்டார். மாரெஷால் அவர்களில் ஒருவர், பின்னாளில் திரும்பி வந்து பால்டிமோர் பேராயரானார்.

இந்த நேரத்தில் கரோல் எமெரிக்கு எழுதியதைப் படிக்க வேண்டும். ஒரு நாடு முழுவதையும் மறைமாவட்டமாக வைத்திருந்த மனிதர் ஒரு சபைத் தலைவரிடம் மன்றாடுகிறார். அவர்களை எடுத்துவிட்டால் என் குருமடம் முடிந்தது என்கிறார். தடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை. அவர்கள் எமெரியின் ஆட்கள்.

காப்பாற்றியது கடிதம் இல்லை, ஒரு சந்திப்பு. நெப்போலியன் முடிசூட்டுக்காக 1804இல் திருத்தந்தை (போப்) ஏழாம் பத்திநாதர் பாரிஸ் வந்தார். எமெரி போய்க் கேட்டார். அந்தக் குருமடம் இருக்கட்டும், அதற்குக் காலம் வரும் என்பதுபோல் திருத்தந்தை சொல்லிவிட்டார். அத்தோடு பேச்சு அடங்கியது. இன்று காப்பகம் இருக்கிறது என்றேனே, அது இந்தக் குருமடம்தான்.

பிப்ரவரி 7
நடுவில் ஒருவர் "எப்படியும் ரோமால் நியமிக்கப்பட்டவர், ரோமின் ஆள்" என்று எழுதியிருக்கிறார். கரோல் விஷயத்தில் அது பாதிதான் சரி. முதல் ஆயரைத் தேர்ந்தெடுக்க அங்கிருந்த குருக்களுக்கே ஆறாம் பத்திநாதர் விதிவிலக்காக அனுமதி கொடுத்தார். 1789இல் வைட்மார்ஷ் என்ற இடத்தில் கூடி வாக்களித்தார்கள். 26 பேரில் 24 வாக்கு கரோலுக்கு. அதற்குப் பிறகே ரோம் நியமனம் செய்தது. கூட வேலை செய்தவர்களின் ஓட்டில் வந்த ஆயர் அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் அது தெரியத்தான் செய்யும்.

பிப்ரவரி 9
எலிசபெத் சீட்டன். நான் அதிகம் திரும்பிப் படித்த கடிதங்கள் இவை.

ஆளைத் தெரியாதவர்களுக்கு: நியூயார்க்கில் 1774இல் பிறந்தவர், கத்தோலிக்கர் அல்லாத வசதியான குடும்பம். கணவரின் உடல்நிலைக்காக இத்தாலி போனார்கள், 1803 டிசம்பரில் அவர் பீசாவில் இறந்தார். ஐந்து பிள்ளைகள். 1805இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், சொந்தக்காரர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். 1808இல் சுல்பீசியன் குரு துபூர் அழைப்பில் பால்டிமோர் வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1809 மார்ச் 25 அன்று கரோல் முன்னிலையில் வார்த்தைப்பாடு. அந்தக் கோடையில் எம்மிட்ஸ்பர்க் என்ற மலையடிவார ஊருக்குப் போனார்கள். அங்கே உருவானதுதான் பிறரன்புச் சகோதரிகள் சபை.

இங்கே அதிகாரம் யாருக்கு? பேராயர் கரோல் மேலே. சகோதரிகளுக்கு மேற்பார்வை சுல்பீசியன் குரு. உள்ளே மதர் சீட்டன். மூன்று அடுக்கு. தகராறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் மேற்பார்வையாளர் துபூர் ஒரு தடை போட்டார். பபாத் என்ற குருவைத்தான் பல சகோதரிகள் ஆன்ம வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவரோடு கடிதப் போக்குவரத்து வேண்டாம் என்றார். சீட்டன் நேராகக் கரோலுக்கு எழுதினார். துபூர் கோபித்துப் பதவியை விட்டார். சீட்டன் பதறி, இருங்கள் என்று கேட்டும் அவர் திரும்பவில்லை. அடுத்து வந்தவர் தாவீத். அவரோடு இன்னும் மோசம். தலைவி பதவியிலிருந்து சீட்டனை எடுத்துவிட்டு ரோஸ் வைட் என்ற சகோதரியை வைக்கப் பார்த்தார்.

1810 தொடக்கத்தில் சீட்டன் கரோலுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. புது மேற்பார்வையாளருக்கு வளைந்து போகிறேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுத்தேன், முயன்றும் பார்த்தேன், ஆனால் அவரிடம் மனம் திறக்க மறுக்கிறது என்கிறார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த பெண் பேராயரிடம் இதை எழுத்தில் வைக்கிறார்! எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் பதிவேட்டில் ஏறாமல் நேரே ஆண்டகையின் மேசை இழுப்பறைக்குப் போயிருக்கும்.

கரோல் என்ன செய்தார்? ஆறுதல் சொன்னார், பொறுமை என்றார். தாவீதைத் தாண்டிக் கை வைக்கவில்லை. முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பேராயர்தானே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பிறகு 6ஆம் தேதி நானே எழுதியதை வைத்து யோசித்தேன். சுல்பீசியன்களை இழந்துவிடுவோமோ என்று அப்போதுதான் பயந்து முடித்திருக்கிறார். அவர்களில் ஒருவரை ஒரு மதருக்காக வெளிப்படையாகக் குத்த அவரால் ஆகாது. நியாயப்படுத்தவில்லை, காரணம் சொல்கிறேன்.

முடிச்சு அவிழ்ந்தது காலத்தால். பிளாஷே என்ற சுல்பீசியன் குரு கெண்டக்கியில் ஆயராகப் போனபோது 1811இல் தாவீதும் கூடப் போனார். துபுவா மேற்பார்வைக்கு வந்தார், சீட்டனுக்கு அவரோடு ஒத்துப்போனது.

பிப்ரவரி 9, பின்குறிப்பு
துபூர், தாவீத், துபுவா. பெயர்களை மாற்றிப் படித்து நான் பட்ட பாடு. போதாததற்கு மூவரும் பின்னாளில் ஆயர்கள் வேறு. அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11
சட்டநூல் பற்றிக் கேட்டவருக்கு. 1810இல் பிரான்சிலிருந்து பிளாஷே, புனித வின்சென்ட் தே பவுல் சபையின் விதிகளைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுச் சகோதரிகளும் வந்து பயிற்சி கொடுப்பதாக ஏற்பாடு, நெப்போலியன் அரசு விடவில்லை. நடந்தது நல்லதுக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. வந்திருந்தால் விதி அப்படியே இறங்கியிருக்கும். வராததால் அமெரிக்காவுக்குத் தக்கபடி திருத்தினார்கள். பிரான்சில் ஏழைகள், நோயாளிகள்தான் முதல் வேலை. இங்கே கட்டணம் கட்டும் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியும் சேர்ந்தது, அந்தக் காசில்தான் ஏழைப் பிள்ளைகளின் படிப்பு.

எல்லாவற்றையும்விடச் சிக்கலான கேள்வி, மதருக்கு ஐந்து பிள்ளைகள் இருப்பது. கன்னியர் சபைத் தலைவி தன் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராகவும் இருக்கலாமா? பிள்ளைகளை விட்டுக்கொடுத்துவிட்டு எந்த வார்த்தைப்பாட்டுக்கும் வரமாட்டேன் என்பதில் சீட்டன் பிடிவாதம். கரோல் அவர் பக்கம். திருத்திய விதியில் அதற்கு இடம் வைத்து, 1812 ஜனவரியில் கரோல் ஒப்புதல் கொடுத்தார். பிள்ளைகளோடு வந்த விதவையைத் தலைவியாக வைத்து ஒரு சபைக்கு இசைவு! ஐரோப்பாவில் யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

பிப்ரவரி 12
"அப்போ கெஞ்சல் கட்சி ஜெயித்துவிட்டதா ஐயா" என்று கேட்ட தம்பிக்கு: இன்னும் ஆட்டம் இருக்கிறது, சீட்டை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

பிப்ரவரி 14
1811 செப்டம்பரில் கரோல் சீட்டனுக்கு எழுதியதில் ஒரு ஆரூடம். பெரிய நகரங்களை விட்டால், இந்த நாட்டின் தேவையும் பழக்கமும் சகோதரிகளின் நோயாளிப் பணியைக் கேட்கும் நிலைக்கு வர ஒரு நூற்றாண்டாவது ஆகும், அதுவரை கல்விதான் முக்கிய வேலை என்ற பொருளில் எழுதினார். 1823இல் அதே சகோதரிகள் பால்டிமோரில் ஆஸ்பத்திரிப் பணி தொடங்கினார்கள், அது பெரிய நகரம், விட்டுவிடலாம். 1828இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில், அன்று எல்லைப்புறம் என்று சொல்லத்தக்க செயின்ட் லூயிஸில் ஆஸ்பத்திரியே திறந்தார்கள். நூறு வருடம் பதினேழாகச் சுருங்கிவிட்டது.

அவரைக் கிண்டல் செய்யச் சொல்லவில்லை. கார்மேல் கன்னியரிடம் கேட்டுக் கிடைக்காத பள்ளிக்கூடம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அதை யாரும் வேறு வேலைக்கு இழுத்துவிடக் கூடாது என்ற பயம் அந்த வரியில் இருக்கிறது என்பது என் ஊகம். 1793ஐயும் 1811ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்களுக்கும் தோன்றலாம்.

பிப்ரவரி 17
இரண்டு நாள் எழுதவில்லை. ஒருவர் தனியே கேட்ட கேள்வி தொந்தரவு செய்துகொண்டிருந்தது: "இந்த மடங்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது?"

அடிமைகளிடமிருந்து. சுற்றி வளைக்க வேண்டாம். போர்ட் டொபாக்கோ மடத்துக்குப் பண்ணை இருந்தது, அதில் உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். சில பெண்கள் மடத்தில் சேரும்போது சீதனமாகவே அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். இயேசு சபைக் குருக்களின் பண்ணைகளும் அப்படித்தான். 1785இல் கரோல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் மேரிலாந்துக் கத்தோலிக்கர் சுமார் 15,800 என்று கணக்குக் கொடுக்கிறார், அதில் 3,000 பேர் அடிமைகள். அவர்களுக்கு ஞான உபதேசம் போதவில்லை, வேலைதான் ஓயாமல் இருக்கிறது என்று குறைப்பட்டும் எழுதினார். ஆனால் வேலை வாங்கியவர்களில் அவருடைய குருக்களும் உண்டு.

3ஆம் தேதி "அவர்கள் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்" என்று ரசித்து எழுதினேன். பேராயரை மடம் மறுக்க முடிந்ததற்கு நிலம் ஒரு காரணம் என்றால், அந்த நிலத்தில் வியர்வை யாருடையது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதங்களில் அந்த அடிமைகள் எழுதியது கிடையாது. அவர்கள் குரல் வேறு காகிதங்களில் இருக்கிறது, நீதிமன்றக் காகிதங்களில். எட்வர்ட் குவீன் என்பவர் 1791இல் வைட்மார்ஷ் பண்ணை நிர்வாகி ஆஷ்டன் சாமியார் மேல் வழக்குப் போட்டார். என் பாட்டி சுதந்திரப் பெண், அதனால் நானும் சுதந்திரன் என்பது வாதம். 1794இல் ஜெயித்தார். 24 வாக்கு விழுந்த அதே வைட்மார்ஷ்தான்! ஆயர் காகிதங்களை மட்டும் படித்திருந்தால் எனக்கு இந்த மனிதர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்.

1838 விற்பனை பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும்: மேரிலாந்து இயேசு சபையினர் 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். கரோல் காலம் முடிந்து வெகு நாள், ஆனால் பண்ணைகள் அவைதான்.

பிப்ரவரி 18
இயேசு சபை என்று தொட்டதால் முடித்துவிடுகிறேன். கரோலே இயேசு சபைக்காரர். 1773இல் திருத்தந்தை சபையைக் கலைத்தபோது மனமுடைந்து ஊர் திரும்பியவர். கலைந்த பின்னும் பண்ணைகள் பழைய சபைக் குருக்கள் கையிலேயே நின்றன. 1792இல் மேரிலாந்துச் சட்டமன்றம் அவர்களைச் சொத்து வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பாகப் பதிவு செய்தது. கரோலின் செலவுக்கு ஆண்டுத்தொகை வந்ததும் அந்த வருமானத்திலிருந்துதான். யாருக்கு உத்தரவு போட வேண்டுமோ அவர்களிடமே படியளப்பு.

ரஷ்யாவில் மட்டும் சபை உயிரோடு இருந்தது. 1803இல் கரோலும் லியோனார்டு நீலும் அங்கிருந்த சபைத் தலைவருக்கு எழுதினார்கள், 1805இல் மேரிலாந்தில் பழையவர்கள் சிலர் மறுபடி வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். கரோல் சேரவில்லை. ஆயர் பதவியை விட்டால்தான் சேரலாம், அமெரிக்காவில் ரோம் பகிரங்கமாக ஏற்காத சபையை நம்பி விடவும் முடியாது. 1814இல் முழுச் சபையும் மீண்டும் நிறுவப்பட்ட செய்தி வந்தபோது அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது.

சேராதவர் சேர்ந்தவர்களோடு சும்மா இருந்தாரா? சார்லஸ் நீல் (ஆம், கார்மேல் மடத்து அதே நீல்) இயேசு சபைக்குத் தலைவராக இருந்தபோது குருக்களை இடம் மாற்றும் உரிமை யாருக்கு என்று இருவருக்கும் கசப்பு. பங்கில் வைத்திருக்கும் குருவை என்னைக் கேட்காமல் எடுக்காதே என்கிறார் ஆயர். அவர் என் சபை ஆள் என்கிறார் நீல். இந்தச் சண்டை இன்றும் நடக்கிறது, எங்கே என்று சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 18, மாலை
ஆகவே தம்பி கேட்ட "இதைச் செய்யுங்கள்" வகைக் கடிதம் கிடையவே கிடையாதா? உண்டு. காசில்லாத, ஆளில்லாத, ஆன்ம குருவுக்குக்கூட ஆயரை நம்பியிருந்த சின்னக் குழுக்களிடம் தொனி மாறும். ஜார்ஜ்டவுனில் ஆலிஸ் லேலர் 1799இல் சேர்த்த பெண்கள் கூட்டம், பிற்பாடு விசித்தேசன் மடம் ஆனது, கரோல் உயிரோடிருந்தவரை முழு அங்கீகாரத்துக்குக் காத்துக்கொண்டே இருந்தது. ஆதரித்தவர் லியோனார்டு நீல். அவர் பேராயராகி ரோமில் அனுமதி வாங்கி, 1816 டிசம்பரில்தான் பெரிய வார்த்தைப்பாடு நடந்தது. ஆகக் கடிதத்தின் தொனியைத் தீர்மானிப்பது எதிர்ப்பக்கத்து நிலமும் ஆளும் என்பதுதான் என் கட்சி. தலைப்பில் கேள்விக்குறி அதற்காகத்தான்.

பிப்ரவரி 21
தபால் எத்தனை நாள் என்றீர்கள். ரோமுக்குப் போய்வர மாதங்கள். போரென்றால் வருடங்கள். 1808இல் பேராயர் ஆக்கப்பட்டவருக்குப் பேராயர்க்குரிய தோள் துகில் (பாலியம்) 1811 ஆகஸ்டில் கைக்கு வந்தது. நடுவில் நெப்போலியன் திருத்தந்தையையே சிறைப்பிடித்துவிட்டார். நியூயார்க்கின் முதல் ஆயராக நியமிக்கப்பட்ட கான்கனென் கப்பல் கிடைக்காமல் நேப்பிள்ஸிலேயே 1810இல் இறந்தார். மேலே கேட்டு முடிவெடு என்றால் எதுவும் நடக்காது. கரோல் தானே பல முடிவுகளை எடுத்ததற்கும், மடங்கள் அவரையும் கேட்காமல் எடுத்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

பிப்ரவரி 24
டிராப்பிஸ்ட் துறவிகளைப் (கடுந்தவம் இருக்கும் கத்தோலிக்கத் துறவு சபை) பற்றி ஒரு கேள்வி. ஆமாம், அவர்களும் கரோல் காலத்தில் வந்தார்கள். உர்பன் கியே தலைமையில் 1803இல் பால்டிமோர், பிறகு கெண்டக்கி, பிறகு 1809இல் இல்லினாய்ஸ். அங்கே ஆதிகுடிகள் கட்டிய பெரிய மண்மேட்டின் மேல் தோட்டம் போட்டார்கள், பக்கத்தில் குடியிருந்தார்கள். காய்ச்சல், பஞ்சம், 1813க்குள் கிளம்பிவிட்டார்கள். அந்த மேட்டுக்கு இன்றும் துறவிகள் மேடு என்றுதான் பெயர், இருந்தது சில வருடமே என்றாலும்.

கெண்டக்கியில் இப்போது இருக்கும் கெத்செமனி மடம் இவர்களுடையதா என்றால், இல்லை. அது 1848இல் பிரான்சின் மெல்ரே மடத்திலிருந்து வந்த வேறு குழு.